வெயிலும் முதிரும் சருமமும்

அமிர்தியை அடுத்த மலைக் கிராமமொன்றில் சாமை பயிரிடும் அங்கத்தினர் ஒருவர், கடன் மனுவில் தம் வயது ஐம்பத்திரண்டு என்றார். சங்கக் குமாஸ்தா நம்பாமல் குடும்ப அட்டையைக் கேட்டார். வயது சரியாகவே இருந்தது. முந்தைய வாரம் குடியாத்தத்தில் யான் கண்ட நெசவாளரும் அதே வயதினர். முப்பது ஆண்டுகளாகத் தறிக்குழியில் அமர்ந்த அவர், பத்து வயது இளையவராகவே தோன்றினார்.

இவ்வேறுபாட்டிற்கு முக்கிய காரணம் வெயில். ஐயமுள்ளவர்கள் தம் புறங்கைத் தோலையும், சட்டைக்குள் மறைந்திருக்கும் மேற்கையின் உட்புறத் தோலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டிற்கும் வயது ஒன்றுதான்.

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களில் ஒரு வகை, மேல்தோலைக் கடந்து உட்தோலை எட்டுகிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளை அரிக்கும் நொதிகள் அங்கே பெருகுகின்றன. இழுத்தால் மீளும் எலாஸ்டின் இழைகள் தடித்துச் சிதைகின்றன. இழை நைந்த துணிபோல் தோல் தொய்கிறது. பிடரியில் கட்டம் கட்டமாக ஆழ்ந்த வரிகள் விழுகின்றன. 1894-இல் ஜெர்மன் மருத்துவர் உன்னா, கடலோடிகளின் தோலில் இத்தகைய மாற்றங்களை விவரித்தார். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய அமெரிக்கர் ஒருவருக்கு, ஜன்னலோரமிருந்த இடக் கன்னம் மட்டும் சுருங்கித் தொங்கியதை 2012-இல் ஒரு மருத்துவ இதழ் படத்துடன் வெளியிட்டது. கண்ணாடியையும் இக்கதிர் ஊடுருவும்.

நம் கருந்தோலின் மெலனின் ஓரளவே காக்கும். (நிறத்தைப் பற்றிய கவலையன்று இது, வெளுப்புக் களிம்புகளில் காசை இழக்க வேண்டாம்.) மலையின் குளுமையும் ஏமாற்றும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடும். ஜவ்வாது மலையில் விண்ணோக்கு நிலையமுள்ள காவலூரே 725 மீட்டர் உயரம்.

தடுப்பு நம் சங்கங்களிலேயே இருக்கிறது. நெருக்கமாக நெய்த, அடர்நிறக் கைத்தறித் துணி கதிரை நன்கு தடுக்கும். மெல்லிய வெள்ளைத் துணியும் நனைந்த துணியும் அவ்வளவு தடுக்கமாட்டா. துண்டைத் தலையில் மட்டும் முண்டாசாகச் சுற்றினால் பிடரியும் காதுகளும் திறந்தே கிடக்கும். ஒரு முனையைப் பின்னால் தொங்கவிடுக. நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் வேளையில் கதிர் கடுமையாக இருக்கும். களையெடுப்பை அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்வது நன்று.

ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணையும், உதட்டிலோ காதிலோ சொரசொரப்பாகத் தடித்துவரும் இடத்தையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சில சமயம் அது புற்றாக இருக்கும். மேற்சொன்ன அங்கத்தினரின் காதிலும் அத்தகைய புண் இருந்தது, மஞ்சள் பூசிவந்தாராம். அறுவடை முடிந்ததும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னார். அறுவடைக்கு முன்பே போகுமாறு வற்புறுத்திவிட்டு வந்தேன்.