ஓரணு ஏடு



தாம்பரத்தில் நான் பௌதிகம் போதித்துவந்த காலம், 1990ஆம் ஆண்டையொட்டியது. ஒரு மாணவன் எழுந்து வினவினான்: "ஐயா, பென்சிலின் கரி அடுக்கடுக்காய் அமைந்தது என்றீர்களே, அதில் ஓர் அடுக்கை மட்டும் தனியே உரித்தெடுக்க இயலுமா?" "இயலாது; வெப்ப அசைவே அதனைக் குலைத்துவிடும்" என்று கூறி அவனை அமரச் செய்தேன். அறிஞர் பலரும் அன்று அவ்வாறே கருதினர். எனினும், என் விடை பிழையாயிற்று.

பென்சிலில் களிமண்ணோடு கலந்திருப்பது கிராஃபைட். அதில் கரி அணுக்கள் அறுகோணங்களாய்ப் பிணைந்து ஏடுகளாகின்றன. ஏட்டினுள் பிணைப்பு மிக வலிது. ஏடுகளுக்கு இடையிலோ மிக மெலிது. ஆதலால்தான் பென்சில் வழுக்கி எழுதுகிறது. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஏறக்குறைய 30 லட்சம் ஏடுகள் அடங்கும்.

2004ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஆந்திரே கைம், கான்ஸ்டான்டின் நோவோசெலவ் ஆகியோரும் அவர்தம் குழுவினரும், சாதாரண ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை மீண்டும் மீண்டும் உரித்து, சிலிக்கன் தகட்டில் பதித்து, ஓரணுக் கனமுள்ள ஏட்டைக் கண்டறிந்தனர். இதுவே கிராஃபீன். 2010இல் அவ்விருவர்க்கும் நோபல் பரிசு கிட்டியது.

உரித்தெடுப்பது ஒரு கலை. உரித்ததை ஆள்வது அதனினும் அரிது. இரு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் விரித்துச் சற்றே திருப்பிப் பாருங்கள்; கண்ணிகளைவிடப் பன்மடங்கு பெரிய கோலம் தோன்றும். 2018இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ஒரு கிராஃபீன் ஏட்டின்மேல் மற்றொன்றை ஏறத்தாழ 1.1 பாகை திருப்பி வைத்தனர். அவ்வாறு அமைந்த கோலத்தில் எலெக்ட்ரான்கள் வேகந்தணிந்து, ஒன்றையொன்று வலுவாய்ப் பாதித்தன. பூஜ்யத்துக்குக் கீழ் 271 பாகைக் கடுங்குளிரில், மின்னழுத்தத்தால் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையை மாற்றியபோது, அதே பொருள் ஒருகால் மின்னோட்டத்தைத் தடுத்தது. மற்றொருகால் தடையே இன்றிச் செலுத்தியது. கோணம் சிறிது பிசகினும், இடையே தூசியோ காற்றுக்குமிழோ அகப்படினும் இவ்விளைவு கெடும். பொருள் மாறவில்லை; அடுக்கிய முறையே அதன் குணத்தை மாற்றிற்று.

இவ்வாராய்ச்சி கடல்கடந்த நாடுகளுக்கே உரியதன்று. தாம்பரத்தில் மின்சார ரயிலேறிக் கிண்டியில் இறங்கினால், 1959இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அணித்தே உள்ளது. அங்கும் இத்தகைய ஏடுகளை ஆராய்கின்றனர்.

என் மாணவன் கேட்டது பிழையன்று. சோதித்துப் பாராமல் நான் முடித்துவைத்ததே பிழை. ஆசிரியர் "இயலாது" என்றால், "ஏன் இயலாது?" எனப் பணிவுடன் மீண்டும் கேளுங்கள்.