ஏழு சனிக்கிழமைகளுக்கு ஒரு ஸ்டேடியம்

அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. அக்கா மகள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்து, "மாமா, இந்த ஒரு வரியை மட்டும் பாருங்க. இது எதுக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல" என்றாள்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் அவள் எம்.எஸ். படிக்கிறாள். திரையில் இருந்தது அந்த செமஸ்டருக்கான கட்டணப் பட்டியல். படிப்புக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, கணினி வசதிக் கட்டணம், வெளிநாட்டு மாணவர் கட்டணம் என்று இறங்கிக்கொண்டே போனது. கடைசிக்கு முந்தைய வரி, 'அத்லெடிக் ஃபீ: 214 டாலர்'. வளாக நூலகத்தில் மணிக்கு 12 டாலர் சம்பளத்தில் அவள் பகுதி நேர வேலை பார்க்கிறாள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அந்த ஒரு வரிக்கு அவளுடைய ஒரு வார உழைப்பு அப்படியே போய்விடுகிறது.

"மேட்ச் பார்க்கப் போவியா?"

"முதல் வருஷம் ஒரு தடவை போனேன் மாமா. லேப் வேலை இருந்துச்சு, பாதியிலயே எழுந்து வந்துட்டேன்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அவள் வகுப்புக்குப் போன பிறகு நான் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஸ்டேடியத்தை ஒரு சுற்று சுற்றி வந்தேன். வேகமாக நடந்தே இருபது நிமிடம் ஆனது. எல்லாக் கதவிலும் பூட்டு. கம்பி இடுக்கில் எட்டிப் பார்த்தால் வரிசை வரிசையாக அலுமினிய பெஞ்சுகள் வெயிலில் கண் கூசின. மூன்று மாடி உயர ஸ்கோர்போர்டு கறுப்பாக அணைந்து கிடந்தது. உள்ளே ஒரே ஓர் ஆள், காற்றடிக்கும் இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு உதிர்ந்த இலைகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். வெளியே ஆயிரம் கார் நிற்கும் அளவுக்குத் தார் போட்ட வெற்றிடம். அதன் மறுகோடியில், மாணவர்கள் தங்க அறை கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியலோடு இருக்கும் விடுதி.

அந்த வாரச் சனிக்கிழமையும் அங்கே இருந்தேன். அதையும் சொல்லியாக வேண்டும். காலை எட்டு மணிக்கே பிக்கப் வண்டிகளின் பின்கதவைத் திறந்துபோட்டு, கரி அடுப்பில் இறைச்சி வாட்டத் தொடங்கிவிட்டார்கள். தாத்தாவும் பேரனும் ஒரே நிறத்தில் சட்டை. பேண்டு வாத்தியக் குழு தெருவில் இறங்கி வந்தபோது முரசொலி நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கும் நேரத்துக் கூட்டம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. கல்லூரி ஃபுட்பால் அமெரிக்கச் சிற்றூர்களுக்கு என்னவாக இருக்கிறது என்பதை அந்தக் காலையில் புரிந்துகொண்டேன். அதனால் இந்த விளையாட்டு வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அதற்காகச் சொந்தமாக ஒரு புது ஸ்டேடியம் கட்டத்தான் வேண்டுமா, கட்டினால் அந்தக் கடனை யார் தலையில் கட்டுவது என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி இப்போது பல நகரங்களில் உயிரோடு இருக்கிறது. ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் உள்ள தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 1997-ல் தான் ஃபுட்பால் அணியையே தொடங்கியது. பெரும்பாலும் தொழில்முறை அணியின் ஸ்டேடியத்தில் வாடகைக்கு ஆடிவந்த அந்த அணிக்கு, வளாகத்துக்குள்ளேயே 35,000 இருக்கைகளோடு சொந்த ஸ்டேடியம் கட்ட 2024 நவம்பரில் பூமி பூஜை போட்டார்கள். திறக்க நினைத்திருக்கும் ஆண்டு 2027. திட்ட மதிப்பு சுமார் 34 கோடி டாலர், அதில் பாதிக்கு மேல் கடன்.

ஒரு காகிதத்தை எடுத்து வகுத்துப் பார்த்தேன். ஓர் இருக்கைக்கு 9,700 டாலருக்கு மேல் வருகிறது. நம் பணத்தில் எட்டு லட்சத்தைத் தாண்டும். ஒரு சீசனில் சொந்த ஊரில் நடக்கும் ஆட்டங்கள் ஆறு, பெரும்பாலும் ஏழு. முப்பது வருடத்துக்கு வருடம் ஏழு என்று வைத்தாலும் 210 ஆட்டங்கள். வட்டியைச் சேர்க்காமலே ஓர் ஆட்டத்துக்கு 16 லட்சம் டாலர்.

வருடத்துக்கு ஏழு முகூர்த்தம் மட்டுமே பார்க்கும் குடும்பம், மண்டப வாடகை அதிகம் என்று சொல்லிச் சொந்தமாகக் கல்யாண மண்டபமே கட்டினால் நாம் என்ன சொல்வோம்? மீதி நாட்களுக்கும் வாடகைக்கு விடலாம் என்று மேஸ்திரி சொல்வார். விடலாம்தான். ஆனால் ஊரில் ஏற்கெனவே ஒரு பெரிய மண்டபம் இருக்கும்போது இதற்கு யார் வருவார்கள்?

வாடகைக்கு இருப்பதில் வருத்தம் இல்லாமல் இல்லை. கார் நிறுத்தும் காசு, தின்பண்டக் கடை வருமானம், விளம்பரப் பலகை, சொகுசு அறைகள் எல்லாவற்றிலும் வீட்டுக்காரருக்குத்தான் பெரும்பங்கு. அறுபதாயிரம் பேர் உட்காரும் இடத்தில் இருபதாயிரம் பேர் வந்தால் தொலைக்காட்சியில் காலி நாற்காலிதான் தெரியும். கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. அணி 1982-ல் பாசடீனாவின் ரோஸ் பௌலுக்குப் போனபோது வளாகத்திலிருந்து மைதானம் 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விட்டது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சொந்த ஸ்டேடியம் 1925-ல் கட்டியது, 1999-ல் இடித்தார்கள். அந்த இடத்தில் கூடைப்பந்து அரங்கம் எழும்பியது. ஃபுட்பால் ஆற்றுக்கு அந்தப்பக்கம் தொழில்முறை அணியின் மைதானத்துக்குப் போய்விட்டது. இருபத்தைந்து வருடமாகியும் பழைய மாணவர்களுக்கு அந்த ஏக்கம் தீரவில்லை. இந்த ஏக்கம் உண்மையானது. ஆனால் ஏக்கப்படுகிறவர்கள் வேறு, தவணை கட்டப்போகிறவர்கள் வேறு.

என்னைத் தூங்கவிடாமல் செய்வது இந்த இடம்தான்.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1924-ல் கட்டிய வளாக ஸ்டேடியத்தை விட்டு 1982-ல் நகர மையத்தில் இருந்த கூரை போட்ட அரங்குக்கு அணி போனது. 27 சீசன்கள் அங்கே ஆடிவிட்டு, 2009-ல் வளாகத்துக்குள் கட்டிய புது ஸ்டேடியத்துக்குத் திரும்பியது. ஏறக்குறைய 29 கோடி டாலர் செலவு, ஐம்பதாயிரத்துச் சொச்சம் இருக்கைகள். ஏறக்குறைய பாதியை மாநில அரசு ஏற்றது. ஸ்டேடியத்தின் பெயரை ஒரு வங்கிக்கு விற்றார்கள். இதற்கெல்லாம் மேலே ஒவ்வொரு மாணவரிடமும் வருடத்துக்கு 25 டாலர். தொகை சின்னதுதானே என்று கேட்கலாம். மற்ற இடங்களோடு பார்த்தால் சின்னதுதான். ஆனால் வயலின் படிக்கிறவரும், பல் மருத்துவம் படிக்கிறவரும், இரவுப் பணி முடித்துப் பகல் வகுப்புக்கு வருகிற இரண்டு பிள்ளைகளின் தாயும் அதைக் கட்டுகிறார்கள். ஒரே ஓர் ஆட்டத்துக்குக்கூட அவர்கள் போகவேண்டும் என்பதில்லை.

ஹூஸ்டனில் 2012-ல் மாணவர்களிடம் வாக்கெடுப்பே நடத்தினார்கள். புது ஸ்டேடியத்துக்கும் கூடைப்பந்து அரங்கைச் சீரமைக்கவும் செமஸ்டருக்கு 45 டாலர். வாக்களித்தவர்களில் பெரும்பான்மையினர் சரி என்றார்கள். கேட்டுவிட்டுச் செய்தார்களே, அது நல்ல விஷயம். ஆனால் கணக்கைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ஸ்டேடியம் திறந்தது 2014-ல். 2012-ல் மூன்றாம், நான்காம் ஆண்டில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். கல்லூரி வாழ்க்கை நான்கு வருடம், ஸ்டேடியக் கடன் இருபத்தைந்து முப்பது வருடம். கையைத் தூக்கியவர் ஒருவர், பையைத் திறக்கிறவர் இன்னொருவர். வேறெந்தக் கடனிலாவது கையெழுத்துப் போடும் வயதே வராத ஒரு பிள்ளையைக் கடன்காரராக்க முடியுமா? வங்கி ஒப்புக்கொள்ளுமா?

அந்தக் காலத்தில் இப்படி இல்லை. ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் ஸ்டேடியம் 1927-ல் திறந்தது. இன்று 1,07,601 பேர் உட்காரும், அமெரிக்காவிலேயே பெரிய ஸ்டேடியம் அது. அன்று ஆன செலவு ஒன்பதரை லட்சம் டாலர். அந்தப் பணத்தை 500 டாலர் கடன் பத்திரங்களை விற்றுத் திரட்டினார்கள். வருடத்துக்கு மூன்று சதவீத வட்டி. பத்திரம் வாங்கியவருக்கு நல்ல இடத்தில் டிக்கெட் வாங்கும் உரிமை. ஆட்டம் பார்க்க ஆசைப்பட்டவரிடமே போய்க் கடன் கேட்டார்கள், அவரும் தெரிந்தே கொடுத்தார். அதே காலத்தில் முதல் உலகப்போரில் இறந்தவர்களின் நினைவாகக் கட்டிய ஸ்டேடியங்கள் நெப்ராஸ்கா, இல்லினாய் என்று பல மாநிலங்களில் எழுந்தன. அவற்றுக்கும் மாணவர்கள் காசு கொடுத்தார்கள். மனமுவந்து எழுதிக் கொடுத்த நன்கொடை அது.

ஃபிலடெல்ஃபியா நினைவுக்கு வருகிறது. நகரின் வடக்கில் இருக்கும் டெம்பிள் பல்கலைக்கழகம், வளாகத்துக்குள் 35,000 இருக்கை ஸ்டேடியம் கட்டச் சுமார் 13 கோடி டாலரில் ஒரு திட்டம் வைத்திருந்தது. அந்தத் தெருக்களில் ஒரு பிற்பகல் நடந்திருக்கிறேன். சுவரோடு சுவர் ஒட்டிய செங்கல் வீடுகள். வாசலில் மூன்று நான்கு பளிங்குப் படிகள், அதுதான் அவர்களுடைய திண்ணை. ஒரு படியில் வயதான கறுப்பின அம்மாள் பீன்ஸ் நரம்பு உரித்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டுப் படியில் இருந்தவரோடு தெருவைத் தாண்டியே பேச்சு நடந்தது. அவ்வளவு குறுகிய தெரு. அங்கே ஒரு சனிக்கிழமை 35,000 பேரும் அவர்களுடைய கார்களும் வந்து இறங்கினால் எப்படி இருக்கும்? அக்கம்பக்கத்தார் சும்மா இருக்கவில்லை. வருடக்கணக்கில் கூட்டம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். 2018-ல் நடந்த கலந்தாய்வுக் கூட்டம் கூச்சலோடு பாதியிலேயே முடிந்தது. ஸ்டேடியம் இன்றுவரை எழும்பவில்லை.

இதில் என்னைக் கட்டிப்போட்ட விஷயம் ஒன்று உண்டு. அந்த அணி ஆடுவது நகரின் தென்கோடியில், தொழில்முறை அணியின் ஸ்டேடியத்தில். பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே சுரங்க ரயில் ஏறினால், ரயில் மாறாமல் கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடந்தே மைதானத்துக்குப் போய்விடலாம். ஒரு மாணவர் ரயில் டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசோடு தீர்ந்துபோகிற தூரம் அது. அதைக் குறைக்கவா 13 கோடி டாலர்?

கட்டியதால் நல்லது நடந்த ஊரும் இருக்கிறது. நியூ ஆர்லியன்சின் டுலேன் பல்கலைக்கழகம் 2014-ல் 30,000 பேர் அமரும் அளவான ஸ்டேடியத்தை வளாகத்தில் கட்டி, 2022 சீசனில் லீக் சாம்பியன் ஆட்டத்தை அங்கேயே ஆடி ஜெயித்தது. சான் டியேகோவில் கட்டிய ஸ்டேடியத்தை, சாக்கர் அணிகளையும் சேர்த்துக்கொண்டு வருடம் முழுக்க ஆள் நடமாட்டத்தோடு வைத்திருக்கிறார்கள்.

எல்லா ஊருக்கும் அது வாய்க்காது. அதிலும் இப்போது நிலைமை மாறிவிட்டது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதல் வருடத்துக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடி டாலர். உடம்பை வருத்தி ஆடும் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய காசு அது. என்றோ கொடுத்திருக்க வேண்டும். ஆனால் நூறாயிரம் பேர் டிக்கெட் வாங்கும் பெரிய அணிகளுக்கு அந்தப் பணம் தொலைக்காட்சி ஒப்பந்தத்திலிருந்து வந்துவிடும். நடுத்தர அணிக்கு எங்கிருந்து வரும்? ஒரு பக்கம் வீரர்களுக்குச் சம்பளம், இன்னொரு பக்கம் ஸ்டேடியத் தவணை. டிக்கெட் விற்காத வருடத்தில் விளையாட்டுத் துறை கை வைக்கக்கூடிய பை ஒன்றுதான் இருக்கிறது. சில பல்கலைக்கழகங்களில் விளையாட்டுக் கட்டணம் வருடத்துக்கு ஆயிரம் டாலரை இப்போதே தாண்டிவிட்டது. படிப்புக் கட்டணத்தை உயர்த்தினால் செய்தியாகும், போராட்டம் வரும். பட்டியலின் அடிவரியில் பத்து டாலர் ஏறினால் யாருக்குத் தெரியப்போகிறது?

புது ஸ்டேடியம் கட்டத்தான் போகிறோம் என்றால் மிச்சிகன்காரர்கள் செய்தமாதிரி ஆசைப்படுகிறவர்களிடம் வாங்கிக் கட்டட்டும். மாணவரிடம் வாங்கியே ஆகவேண்டும் என்றால், நான்கு வருடத்துக்கு ஒருமுறை அப்போது படிக்கும் பிள்ளைகளிடம் மறுபடி வாக்குக் கேட்கட்டும். பட்டியலில் 'ஸ்டேடியக் கடன்' என்று அந்த வரிக்கு அதன் பெயரையே வைக்கட்டும். அக்கா மகள் அந்த வரி எதற்கு என்று என்னிடம் கேட்கவேண்டிய நிலை வந்திருக்கவே கூடாது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அவளே மாணவர் சேவை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வந்தாள். 214 டாலரில் ஒரு பகுதி ஸ்டேடியத்தின் கடனுக்குப் போகிறதாம். அவளுடைய படிப்புக்காகத் திருச்சி பொன்மலையில் உள்ள வீட்டுப் பத்திரத்தை அக்கா வங்கியில் வைத்திருக்கிறாள். அந்தக் கடனின் கடைசித் தவணை 2037-ல் முடிகிறது. ஸ்டேடியத்துக்கு 2044 வரை இருக்கிறது. அந்த வருடம் அங்கே முதலாண்டு சேரப்போகும் பிள்ளை இப்போதுதான் பிறந்திருக்கும்.