கண்ணில் சிறு காயம்: எதற்குப் பொறுக்கலாம், எதற்கு ஓடவேண்டும்?

எமது மருத்துவப் பேச்சு நேரத்தில் கண்காயங்கள் பற்றிக் கதைத்ததை, கேட்கத் தவறியவர்களுக்காக இங்கே எழுதித் தருகிறேன். நான் வைத்தியர் அல்ல. ஓல்போர்க்கிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பல வருடங்கள் வைத்தியசாலைகளுக்குப் போய்வந்தவள். கண் வைத்தியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்வி எனக்குப் பாடமாகிவிட்டது: "ஏன் நேற்றே வரவில்லை?"

இதற்கு எங்கள் சனம் சொல்லும் பதில்களும் பாடம்தான். "சின்னத் தூசிதானே." "லீவு கேட்டால் முதலாளி என்ன நினைப்பாரோ." "டெனிஷில் எப்படி விளங்கப்படுத்துறது." இரும்பு வேலை செய்யும் ஓர் அண்ணைக்கு ஒரு வெள்ளிக்கிழமை கிறைண்டரிலிருந்து தெறித்த துகள் கண்ணில் பட்டது. கழுவினார், படுத்தார், திங்கள்வரை பொறுத்தார். அதற்குள் இரும்பைச் சுற்றித் துருப்பிடித்து, கிருமியும் தொற்றிவிட்டது. கண் தப்பியது, ஆனால் கருவிழியில் ஒரு தழும்பு நின்றுவிட்டது. இரவில் எதிரே வரும் வாகன வெளிச்சம் சிதறித் தெரிகிறதாம். பெயர் சொல்லாமல் இதை எல்லோருக்கும் சொல்லும்படி கேட்டவரும் அவரே.

ஒரு சிறு கீறல் இவ்வளவு செய்யுமா? கருவிழியின் முன்பக்கம் கண்ணாடிபோல் மூடியிருக்கும் படலம் அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். ஒளி ஊடுருவ வேண்டும் என்பதால் அதில் இரத்தக்குழாய்கள் இல்லை. மேல்தோல் உரிந்தால் கிருமிகளுக்கு வாசல் திறந்த மாதிரி. கிருமி உள்ளே போய்ப் புண்ணாகினால், ஆறிய பின்னும் வெண்தழும்பு நிற்கும். அது பார்வையின் நடுவில் விழுந்தால் கண்ணாடி போட்டும் சரிவராது.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நேபாளத்தின் பக்தபூரில் நடந்த, 2001ல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சாட்சி. கருவிழி உரிந்த 442 பேருக்குக் கிராம சுகாதாரத் தொண்டர்கள் மூன்று நாட்கள் கிருமிநாசினிக் களிம்பு போட்டார்கள். காயம்பட்டு 18 மணித்தியாலத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை. 18 முதல் 24 மணித்தியாலத்துக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்கு வந்தது. அதற்கும் பிந்தி வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்தது. மருந்து எல்லோருக்கும் ஒன்றுதான், வித்தியாசம் நேரம் மட்டுமே. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1994ன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு முதலில் கண்ணில் ஏதோ ஒரு காயம் பட்டிருந்தது.

இனி, எதற்கு என்ன செய்வது என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது: ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாதவை

இரசாயனப் பொருள் கண்ணில் பட்டால் முதல் மருந்து பைப் தண்ணீர். தொலைபேசி எடுப்பதற்கு முன்னமே கழுவத் தொடங்குங்கள். இமைகளை விரல்களால் விரித்துப் பிடித்து, இளஞ்சூட்டுத் தண்ணீரைக் குறைந்தது 15 நிமிடமாவது ஓடவிட வேண்டும். கொன்ராக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள். பலர் அமிலத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் குசினித் தொட்டியின் அடைப்பு நீக்கும் மருந்து, சுண்ணாம்பு, சீமெந்து போன்ற காரப்பொருட்கள் இன்னும் மோசமானவை. அவை கண்ணின் படலத்தைக் கரைத்து உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். காங்கேசன்துறை ஆலையை அறிந்தவர்களுக்கும், 1889ல் தொடங்கிய சீமெந்து ஆலை உள்ள ஓல்போர்க்கில் வாழ்பவர்களுக்கும் சீமெந்து புதிதல்ல. அதன் துகள்கள் இமைக்கு அடியில் ஒட்டியிருந்து எரித்துக்கொண்டே இருக்கும். கழுவியபின் நோ குறைந்தாலும் வைத்தியரிடம் போகவேண்டும். வினாகிரி, எலுமிச்சம்புளி எதுவும் விடவேண்டாம்.

கண்ணில் ஏதாவது குத்தி நின்றால் அதை இழுக்கவும் கூடாது, கழுவவும் கூடாது, அழுத்தவும் கூடாது. ஒரு கடதாசிக் கோப்பையைக் கண்ணைத் தொடாமல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு 112ஐ அழையுங்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். பார்வை திடீரென மங்குதல், கருவிழிக்கு முன்னால் இரத்தம் தேங்குதல், கண்மணி வட்டம் கோணலாகத் தெரிதல், அடிபட்டபின் மின்னல் கீற்றுகளோ கறுப்புத் திரையோ தெரிதல் ஆகியவையும் இந்த வகைதான்.

இரண்டாவது: அன்றைக்கே காட்டவேண்டியவை

வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, கண் திறக்க முடியாத நோ, கழுவியும் போகாத தூசி, கிறைண்டர் அல்லது சுத்தியல் வேலையில் தெறித்த இரும்பு, மரக்கிளையோ குழந்தையின் நகமோ கீறியது, லென்ஸ் போடுபவரின் சிவந்த கண். இரும்புத் துகள் வேகமாகத் தெறித்தால் பெரிய நோ இல்லாமலே கண்ணுக்குள் புகுந்துவிடும். ஆகவே "நோ இல்லை" என்று ஆறுதல்பட வேண்டாம். வெல்டிங் வெளிச்சம் பட்ட கண் சில மணித்தியாலங்கள் கழித்து, நடு இரவில்தான் எரியத் தொடங்கும்.

மூன்றாவது: ஒரு நாள் பொறுத்துப் பார்க்கக்கூடியவை

தண்ணீரில் கழுவியதும் போய்விட்ட தூசி, பிறகு சிறிது உறுத்தல் மட்டும் இருப்பது. அடியும் நோவும் இல்லாமல் வெள்ளை விழியில் தோன்றும் இரத்தச் சிவப்பு: பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ஓரிரு கிழமைகளில் தானாகக் கரையும். ஒவ்வொரு கண்ணாக மூடி, சுவரில் உள்ள கலண்டர் எழுத்தை வாசித்துப் பாருங்கள். பார்வை குறைந்திருந்தாலோ, மறுநாளும் உறுத்தினாலோ இரண்டாவது வகைக்கு மாறிவிட்டது என்று எடுங்கள்.

எங்கள் வீட்டு வைத்தியம் பற்றிப் பல அம்மாமார் கேட்டார்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன், பன்னீர் எல்லாம் அன்போடு விடப்படுபவை என்பது எனக்கும் தெரியும். ஆனால் உரிந்த கருவிழிக்கு அவை கிருமியைக் கொண்டுபோகக் கூடியவை. சுத்தமான தண்ணீர் போதும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் பழைய கண்துளி மருந்தும் வேண்டாம். ஸ்டீரொயிட் கலந்த துளி, கிருமித் தொற்றுள்ள கண்ணைக் கெடுத்துவிடும்.

டென்மார்க்கில் பொதுவாகப் பெரும்பாலானோர் சேர்ந்துள்ள முதலாம் குழுவினர் கண் வைத்தியரிடம் போகக் குடும்ப வைத்தியரின் கடிதம் தேவையில்லை. மஞ்சள் அட்டையோடு நேரடியாகவே போகலாம், கட்டணமும் இல்லை. தொலைபேசியில் "அகூட்" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள். என்ன பட்டது, எத்தனை மணிக்கு, பார்வை எப்படி என்ற மூன்றையும் சொன்னால் போதும். மாலையிலும் வார இறுதியிலும் லேகெவக்த் இருக்கிறது. எந்த இரசாயனம் என்று சந்தேகமானால் கிஃப்ட்லின்யென் 82 12 12 12 இரவு பகலாகப் பதில் சொல்லும். ஆனால் கழுவியபடியே கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க விடாமல் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.

வேலையிடத்தில் நடந்தால் அதை வேலை விபத்தாகப் பதிய வேண்டியது முதலாளியின் கடமை. அவர் பதியாவிட்டால் ஒரு வருடத்துக்குள் நீங்களே பதியலாம். பாதுகாப்புக் கண்ணாடியை இலவசமாகத் தரவேண்டியவரும் அவர்தான். மார்கழி 31 இரவு வாணவேடிக்கை பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கும் அதேபோல் ஒவ்வொரு கண்ணாடி வாங்கிப் போட்டுவிடுங்கள். கொளுத்துபவர் மட்டுமல்ல, பக்கத்தில் நின்று பார்ப்பவரும் போடவேண்டும்.

இந்தப் பக்கத்தை வெட்டிக் குசினியில் ஒட்டி வையுங்கள். மூன்று வகைகளில் எது என்று முடிவெடுக்க முடியாவிட்டால், கூடிய ஆபத்தான வகை என்றே எடுத்துப் போங்கள். ஒன்றுமில்லை என்று வைத்தியர் திருப்பி அனுப்பினால், அதைவிட நல்ல செய்தி வேறென்ன!