வெட்டும் முன் காயைப் பாருங்கள்



வைப்பாற்றில் தண்ணீர் ஓடுவது ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்ச நாள்தான். மற்ற மாதமெல்லாம் வெறும் மணல். சாத்தூரிலிருந்து விளாத்திகுளம் தாண்டி, சிப்பிக்குளம் பக்கம் கடலில் சேரும் வரை கரையில் பச்சையாகத் தெரிவதில் பாதிக்கு மேல் சீமைக் கருவேலம்தான். நாம வேலிக்காத்தான்னு சொல்றோமே, அதுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம்.

அதை வெட்டும் வேலைக்கு நம் குழுப் பெண்கள் பலரும் போகிறோம். முள் இருந்தாலே "உடை"ன்னு சொல்லிப் பழகிட்டதால, அரிவாள் எடுத்தால் எல்லாம் சேர்ந்து சாய்கிறது. நாட்டுக் கருவேலமும், குடை விரித்த மாதிரி நிற்கும் உண்மையான உடையும் அதோடு போய்விடுகின்றன. வேலிக்காத்தான் வெட்டின கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். ஆட்டுக்குத் தழையும் நிழலும் கொடுத்த மரம்தான் இல்லாமல் போகும்.

அடையாளம் காண்பது கஷ்டமில்லை. நாட்டுக் கருவேலத்தின் காய் மணி கோத்த மாலை மாதிரி, விதைக்கு விதை இடுங்கி இருக்கும். பூ மஞ்சள் உருண்டை, முள் வெள்ளையாக நீளமாக இருக்கும். உடைக்கும் பூ உருண்டைதான், ஆனால் வெளிறின நிறம். காய் வளைந்து சுருண்டிருக்கும். வேலிக்காத்தானுக்குப் பூ உருண்டையாக வராது, விரல் நீளக் கதிராக வரும். காய் தட்டையாக, பழுத்தால் மஞ்சளாக, இனிப்பாக இருக்கும்.

வன்னிதான் ஏமாற்றும். அதற்கும் பூ கதிர்தான். முள்ளைப் பாருங்கள்: வேலிக்காத்தானில் இலை முளைக்கும் கணுவில் ஜோடியாக இருக்கும், வன்னியில் சின்ன முள், கணுவுக்குக் கணு நடுவில் அங்கங்கே இருக்கும்.

பூவும் காயும் இல்லாத சின்னக் கன்று என்றால் ஆட்டைக் கேளுங்கள்! நாட்டுக் கருவேலத் தழையை எட்டி எட்டிக் கடிக்கும். வேலிக்காத்தான் பழத்தைத் தின்னும், தழையை அவ்வளவாகத் தொடாது.

கடலை நெருங்கினால் உகாய் மரம் வரும். முள் கிடையாது, உப்பு மண்ணிலும் நிற்கும், குச்சி பல் துலக்க ஆகும். புதரோடு புதராக அதையும் வெட்டிவிடாதீர்கள்.

வேலிக்காத்தானே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த விறகில்தான் நம்ம அடுப்பு எரிஞ்சுது, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. ஆனால் அகற்றுவது என்று முடிவானால் மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு தோண்ட வேண்டும். ஆற்றுக்கரையாக இருந்தால் தோண்டின இடத்தைச் சும்மா விடாமல் உடனே கன்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கரை கரையும்.

அதற்குக் கன்று நாமே வளர்க்கலாம். கோடையில் முற்றின நாட்டுக் கருவேலக் காயை மரத்திலிருந்தே பறியுங்கள். ஆட்டுக்கிடையில் கிடைக்கும் விதை நன்றாக முளைக்கும், ஆனால் அதில் வேலிக்காத்தான் விதையும் கலந்திருக்கும். விதை மேல் கொதித்த தண்ணீரை ஊற்றி, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் பையில் ஊன்றுங்கள்.