டயரைப் படிப்போம், டியூபை மாற்றுவோம்

விடியற்காலை நான்கு மணி. பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் பூ வந்து இறங்கும் நேரம். மல்லிகை, கனகாம்பரம், சாமந்தி எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். வாங்கிய பூவைச் சிலர் சிறிய மொபெட் வண்டியில் கட்டிக்கொண்டு போவார்கள். வெயில் ஏறும் முன் பூ விற்க வேண்டும். வழியில் டயர் பஞ்சர் ஆனால் என்ன ஆகும்? அந்த நேரத்தில் பஞ்சர் கடை திறந்திருக்காது. பூ வாடிவிடும். அன்றைய கூலி போய்விடும்.

காய்கறி விற்பவருக்கும் இதே கதைதான். பால் ஊற்றுபவருக்கும் இதே கதைதான். வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும்.

டியூப் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. இரண்டு கைகள் போதும். சில கருவிகள் வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டும். இன்னொன்றும் வேண்டும். டயரின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

எந்த வண்டிக்கு இது பொருந்தும்?

நம் பக்கத்து ஊரான ஓசூரில் 1980-இல் டி.வி.எஸ். 50 என்ற மொபெட் தயாரானது. இருவர் உட்காரலாம். மூட்டையும் ஏற்றலாம். அந்த வரிசையில் வந்ததுதான் எக்ஸ்.எல். வண்டி. சந்தைகளில் இன்றும் இதைப் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட வண்டிகள் பலவற்றில் கம்பி வைத்த சக்கரம் இருக்கும். அந்தக் கம்பிகளை ஸ்போக் என்கிறோம். கம்பிச் சக்கரத்தில் பெரும்பாலும் டயருக்குள் டியூப் இருக்கும். மண் மேட்டில் பாய்ந்து ஓடும் பந்தய பைக்கிலும் பெரும்பாலும் இதே அமைப்புதான்.

டியூப் இல்லாத டயரும் உண்டு. அதை டியூப்லெஸ் என்பார்கள். அதற்கு வேலை முறை வேறு. இங்கே சொல்வது டியூப் உள்ள சக்கரத்துக்கு மட்டும்.

காற்று டயர் எப்படி வந்தது?

முன்பு வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டையோ கெட்டி ரப்பரோதான் இருந்தது. பயணம் தூக்கித் தூக்கிப் போடும். ஜான் பாய்ட் டன்லப் என்பவர் ஒரு கால்நடை மருத்துவர். அயர்லாந்துத் தீவில் உள்ள பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்தார். 1888-இல் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று அடைத்த டயர் செய்து கொடுத்தார். சவாரி மெத்தென்று ஆனது. அந்த யோசனை உலகம் எங்கும் பரவியது.

சுமையைத் தாங்குவது ரப்பர் மட்டும் அல்ல. உள்ளே இருக்கும் காற்றுதான் பெரும் பாரத்தைத் தாங்குகிறது. காற்று குறைந்தால் டயர் மடங்கும். சூடாகும். சீக்கிரம் கிழியும்.

டயர் என்ன சொல்கிறது?

டயரின் பக்கவாட்டைத் துணியால் துடையுங்கள். எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம். எண்கள் நீங்கள் படித்த அதே எண்கள்தான். முக்கியமான செய்திகள் எண்களில்தான் இருக்கின்றன.

அளவு: 2.50-16 என்று இருக்கலாம். 2.50 என்பது டயரின் அகலம். 16 என்பது டயர் உட்காரும் ரிம்மின் குறுக்களவு. இரண்டும் அங்குலக் கணக்கு. புது டியூப் வாங்கும்போது அதன் அட்டைப்பெட்டியிலும் இதே அளவு இருக்கிறதா என்று பாருங்கள். "ஏதோ ஒன்று கொடுங்கள்" என்று வாங்காதீர்கள்.

சுமை: அளவுக்குப் பக்கத்தில் 41 என்பது போல ஓர் எண் இருக்கும். அது 41 கிலோ அல்ல. அது ஒரு குறியீடு. 41 என்றால் அந்த ஒரு டயர் 145 கிலோ வரை தாங்கும். காற்று சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. வண்டியின் எடை, உங்கள் எடை, மூட்டையின் எடை எல்லாம் இதில் சேரும். மூட்டை பின்னால் இருந்தால் பின் டயர்தான் அதிகம் சுமக்கும்.

வயது: நான்கு எண்கள் சேர்ந்து ஓரிடத்தில் இருக்கும். 2324 என்று இருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். முதல் இரண்டு எண்கள் வாரம். அடுத்த இரண்டு எண்கள் ஆண்டு. பழைய ரப்பர் இறுகும், வெடிப்பு விடும். புது டயர் என்று சொல்லிப் பழைய சரக்கைக் கொடுத்தால் இந்த எண் காட்டிக் கொடுத்துவிடும்.

அம்புக்குறி: சில டயர்களில் அம்பு இருக்கும். சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையை அது காட்டும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை: மத்திய அரசு 2009-இல் ஓர் ஆணை போட்டது. வாகன டயருக்கும் டியூபுக்கும் இந்த முத்திரை கட்டாயம் என்று அது சொல்கிறது. வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள்.

தேய்மானம்: இரு சக்கர வண்டி டயரில் வரிப்பள்ளம் குறைந்தது 0.8 மில்லி மீட்டர் ஆழம் இருக்க வேண்டும். இது மோட்டார் வாகன விதி. பள்ளத்தின் அடியில் சிறு ரப்பர் மேடுகள் உண்டு. டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரையே மாற்ற வேண்டும். டியூபை மட்டும் மாற்றிப் பயன் இல்லை. மழைக்காலத்தில் வழுக்கிவிடும்.

ஒட்டுவதா? மாற்றுவதா?

சிறு ஆணி குத்திய ஒரே ஓட்டை என்றால் பஞ்சர் ஒட்டினால் போதும். வால்வின் அடியில் கிழிந்தால் ஒட்டு நிற்காது. நீளமாகக் கிழிந்தாலும் நிற்காது. ஒட்டுக்கு மேல் ஒட்டு போட்ட டியூபையும் நம்ப முடியாது. அப்போது புது டியூப் போடுங்கள்.

என்னென்ன வேண்டும்?

1. வண்டியின் நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பானர்கள்.
2. டயர் லீவர் இரண்டு. கூர்மையான ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். டியூபைக் குத்திவிடும்.
3. வால்வு பின்னைக் கழற்றும் சிறு சாவி.
4. காற்றடிக்கும் பம்பு.
5. சோப்புத் தண்ணீர், முகத்துக்குப் போடும் பவுடர், பழைய துணி, கோணிப்பை.
6. சரியான அளவில் புது டியூப்.

பெங்களூரில் ஜே.சி. ரோடு வண்டி உதிரிப் பாகங்களுக்குப் பேர்போன இடம். கருவிகள் அங்கே கிடைக்கும். ஒரு தெருவில் நான்கு பேர் சேர்ந்து வாங்கினால் செலவு பங்காகும்.

வேலையைத் தொடங்குவோம்

முதல் முறை முன் சக்கரத்தில் பழகுங்கள். பின் சக்கரத்தில் செயினும் உண்டு. அதைத் தெரிந்தவருடன் சேர்ந்து செய்யுங்கள்.

1. வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை வைத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். செங்கல் வேண்டாம், உடையும். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

2. பிரேக் கேபிளைக் கழற்றுங்கள். மீட்டர் கேபிள் இருந்தால் அதையும் கழற்றுங்கள். பிறகு அச்சின் நட்டைக் கழற்றி, அச்சை உருவுங்கள். சக்கரம் கீழே வரும். வாஷரும் புஷ்ஷும் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் துணி மேல் அடுக்குங்கள்.

3. சக்கரத்தைக் கோணிப்பை மேல் படுக்க வையுங்கள். வால்வு மூடியைக் கழற்றுங்கள். வால்வு பின்னைச் சாவியால் திருகி எடுங்கள். காற்று முழுவதும் போகட்டும். வால்வைச் சுற்றியுள்ள நட்டையும் எடுங்கள்.

4. டயரின் ஓரத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி வளையம் இருக்கிறது. அது நீளாது. இதனால்தான் டயர் ரிம்மை விட்டு எளிதில் வராது. காலால் டயரைச் சுற்றிலும் மிதித்து, இரண்டு பக்க ஓரங்களையும் ரிம்மிலிருந்து விடுவியுங்கள். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள்.

5. இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் டயரின் ஓரத்தை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்துங்கள். முழங்காலால் அழுத்திப் பிடிக்கலாம். அப்போது வால்வுப் பக்கம் டயர் தளரும். அங்கே லீவரைக் கொடுத்து ஓரத்தைத் தூக்குங்கள். கொஞ்சம் தள்ளி இரண்டாவது லீவர். சிறிது சிறிதாகப் போங்கள். மிகவும் கடினமாக இருந்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

6. டயரின் ஒரு பக்கம் முழுவதும் வெளியே வந்ததும் டியூபை உருவுங்கள். டியூப் மட்டும் மாற்றினால் மறுபக்கத்தைக் கழற்ற வேண்டாம். டயரையும் மாற்றுவது என்றால் மறுபக்கத்தையும் இதே முறையில் கழற்றுங்கள். புது டயரின் அம்பைப் பார்த்து, முதலில் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மில் ஏற்றுங்கள்.

7. இனி மிக முக்கியமான வேலை. டியூபைக் குத்தியது எது என்று கண்டுபிடியுங்கள். பழைய டியூபில் காற்றடித்து ஓட்டையைப் பாருங்கள். வால்விலிருந்து அது எவ்வளவு தூரம்? டயரிலும் அதே தூரத்தில் தேடுங்கள். உட்புறத்தைத் துணியால் துடையுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள்ளோ ஆணியோ இருக்கும். வெறும் விரலால் தடவாதீர்கள். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் பஞ்சர் ஆகும். ஓட்டை டியூபின் உட்புறம் இருந்தால் குற்றவாளி ஸ்போக் முனையாக இருக்கலாம். ரிம்மைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் மாற்றுங்கள்.

8. புது டியூபில் பின்னை மாட்டி, உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று விடுங்கள். மேலே பவுடர் தடவுங்கள். வால்வை ரிம் ஓட்டையில் நுழைத்து, நட்டை இரண்டு சுற்று மட்டும் திருகுங்கள். டியூபை முறுக்கில்லாமல் உள்ளே அடுக்குங்கள்.

9. டயரின் ஓரத்தை உள்ளே தள்ளுங்கள். இம்முறை வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடியுங்கள். "கழற்றும்போது வால்வு முதலில், மாட்டும்போது வால்வு கடைசியில்." இப்படி நினைவில் வையுங்கள். முடிந்தவரை கையாலும் காலாலும் தள்ளுங்கள். லீவர் ஆழமாகப் போனால் புது டியூப் கிழியும்.

10. வால்வை ஒரு முறை உள்ளே தள்ளி, வெளியே இழுங்கள். டியூப் எங்கும் மாட்டவில்லை என்று பார்த்துக் காற்றடியுங்கள். டயரின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். ரிம்முக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்றை இறக்கி, டயரைச் சரிசெய்து, மறுபடி அடியுங்கள். எத்தனை பவுண்டு காற்று என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். வால்வு நட்டைக் கையால் லேசாகத் திருகினால் போதும்.

11. சக்கரத்தை மாட்டுங்கள். அம்பு முன்னோக்கிச் சுழல வேண்டும். பல வண்டிகளில் பிரேக் தட்டில் ஒரு பள்ளம் உண்டு. அது ஃபோர்க்கில் உள்ள நீட்டலில் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பிரேக் பிடிக்கும்போது தட்டு சுழன்றுவிடும். உயிருக்கே ஆபத்து. அச்சு நட்டை இறுக முடுக்குங்கள். கேபிள்களை மாட்டுங்கள்.

12. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடை இல்லாமல் சுழல வேண்டும். பிரேக் பிடித்துப் பாருங்கள். தெருவுக்குள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்து நட்டை மறுபடி சோதியுங்கள். முதல் முறை முடித்ததும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது.

பஞ்சரைக் குறைக்க முடியுமா?

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் தினமும் வேலைக்குப் போன ஒரு பொறியாளர் அடிக்கடி பஞ்சரால் அவதிப்பட்டார். சாலையைக் கவனித்தார். ஆணிகள் கிடந்தன. 2014, 2015 ஆண்டுகளில் போகும்போதும் வரும்போதும் அவற்றைப் பொறுக்கினார். கோலில் காந்தம் கட்டியும் எடுத்தார். கிலோக் கணக்கில் சேர்ந்தது. செய்தித்தாள்களில் படத்துடன் வந்தது. நாமும் சாலை ஓரத்தில் ஆணியைக் கண்டால் எடுத்துப் போடலாம். நாம் எடுக்கும் ஓர் ஆணி யாரோ ஒருவரின் ஒரு நாள் கூலியைக் காப்பாற்றும்.

வாரம் ஒரு முறை காற்றைச் சோதியுங்கள். டயரில் சிக்கிய கற்களை எடுங்கள். பழைய டியூபை வீசாதீர்கள். வெட்டினால் மூட்டை கட்டும் பட்டை ஆகும். பழைய டயரை எரிக்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு.

பெண்களால் முடியுமா?

முடியும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றார்கள். ஆயிரம் ஆயிரமாகப் பெண்கள் சைக்கிளில் வெளியே வந்தார்கள். முதலில் கேலி பேசியவர்களும் உண்டு. பெண்கள் நிறுத்தவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. சந்தைக்கும் வேலைக்கும் தாங்களே போனார்கள்.

ஓட்டக் கற்றது ஒரு படி. பழுது பார்க்கக் கற்பது அடுத்த படி. டியூப் மாற்றுவதற்கு முரட்டுப் பலம் வேண்டாம். ரிம்மின் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வண்டி அல்லது பக்கத்து வீட்டு வண்டியின் டயரைத் துடையுங்கள். அதன் அளவை எழுதுங்கள்.
2. அந்த டயர் எந்த ஆண்டில் செய்தது? கண்டுபிடித்து எழுதுங்கள்.
3. புது டியூப் போடும் முன் டயரின் உள்ளே எதைத் தேட வேண்டும்? ஏன்?
4. கழற்றும்போது எந்தப் பக்கம் முதலில்? மாட்டும்போது எந்தப் பக்கம் கடைசியில்? உங்கள் மையத்தில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.