தூது செல்ல ஓர் உபகாரச் சம்பளம்

தூது என்பது தமிழர்க்குப் புதிய தொழில் அன்று. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார் என்பதைப் புறநானூறு நமக்கு அறிவிக்கிறது. பண்டைத் தமிழகத்தின் வட எல்லையெனத் தொல்காப்பியப் பாயிரம் கூறும் வேங்கடத்தின் அடிவாரத்தில் குடியிருக்கும் நாம், அத்தொழிலை இன்று முறையாகக் கற்க வழியுண்டு என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

நம் வீடுகளில் பொறியியல், மருத்துவம், பாங்கு வேலை ஆகியவை பற்றிய பேச்சே மிகுதி. சமாதானப் பணிக்கும் துயர் துடைக்கும் பணிக்கும் உலக அளவில் உபகாரச் சம்பளம் உண்டு என்ற செய்தி சித்தூரிலும் திருப்பதியிலும் பலர் காதுக்கு எட்டவில்லை. அவற்றுள் குறிப்பிடத்தக்கது ரோட்டரி பவுண்டேஷன் வழங்கும் சமாதான உபகாரச் சம்பளம். இதன் முதல் அணியினர் 2002-இல் படிக்கத் தொடங்கினர். ஆண்டுக்கு 130 பேர் வரை தெரிவு செய்யப்படுகின்றனர். கல்விக் கட்டணம், உணவு, உறைவிடம், போக்குவரவுச் செலவு, களப்பயிற்சிச் செலவு ஆகிய யாவும் இதில் அடங்கும். எனவே, நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ அனுப்பவேண்டிய படிப்பு அன்று இது.

முதுகலைப் படிப்பு 15 முதல் 24 மாதங்கள் நடைபெறும். சுவீடனில் உப்சாலா, இங்கிலாந்தில் பிராட்போர்டு, ஜப்பானில் டோக்கியோ சர்வதேசக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் இது கற்பிக்கப்படுகிறது. இதற்குப் பட்டம் பெற்றிருத்தல், ஆங்கிலப் பயிற்சி, தொடர்புடைய பணியில் மூன்று ஆண்டு அனுபவம் ஆகியவை வேண்டும். அனுபவம் மிக்கோர்க்கு ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. அதற்கு ஐந்தாண்டுப் பணி தேவை. விண்ணப்பங்கள் பிப்ரவரியில் தொடங்கி மே 15-உடன் முடிவது வழக்கம். இடைத்தரகர் எவருக்கும் ஒரு காசும் தரவேண்டியதில்லை. உள்ளூர் ரோட்டரி சங்கத்தாரைக் கண்டு அவ்வாண்டின் விதிகளைக் கேட்டறிவது நன்று.

“எங்கள் பிள்ளைக்குச் சமாதானப் பணியில் அனுபவம் ஏது?” எனப் பெற்றோர் கேட்கலாம். அனுபவம் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் மண்டபத்தில் மட்டும் கிடைப்பதன்று. தெலுங்கும் தமிழும் அறிந்து, ஏழைத் தொழிலாளியின் வழக்கை நீதிமன்றத்தில் எடுத்துரைக்கும் இளம் வழக்கறிஞர். வேலை தேடி வந்தவர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கப் பாடுபடும் ஆசிரியை. வெள்ளத்தின்போது இரு மொழியாருக்கும் உணவும் மருந்தும் சேர்ப்பிக்கும் தொண்டர்: இவர்கள் செய்வது அப்பணியே. அதனைத் தெளிவாக எழுதத் தெரியவேண்டும். எந்தச் சச்சரவு, யார் யாருக்கிடையே, நான் செய்தது என்ன, அதனால் விளைந்தது என்ன என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை இருத்தல் வேண்டும். “உலக அமைதியே என் இலட்சியம்” என்று பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, தீர்த்து வைத்த ஒரு கூலித் தகராற்றைப் பற்றிய பத்து வரிகள் மேலானவை.

நம் மாவட்டங்களின் வரலாறே இக்கல்விக்கு ஒரு பாடநூல். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது இவ்வெல்லையில் எழுந்த கிளர்ச்சியைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். படாஸ்கர் நடுவராக அமர்ந்தார். கிராமத்தை அலகாகக் கொண்டு, பேசும் மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் பார்த்தார். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. மனக்குறை இரு புறத்தும் இருந்தது. ஆயினும் எல்லைக்கோடு பேச்சினால் வரையப்பட்டது.

பேச்சுக்கு இடமில்லாமற் போன நாளும் உண்டு. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறப்பட்ட, தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் போலீசாரின் துப்பாக்கிக்கு இரையாயினர். தாக்கப்பட்டதால் சுட்டோம் என்றனர் போலீசார். அதனை மனித உரிமை இயக்கத்தார் மறுத்தனர். வறுமை, தரகர் ஆசைகாட்டல், வனச்சட்டம், மொழி அறியாமை ஆகிய அனைத்தும் சேர்ந்த அச்சிக்கலை ஆராய்ந்து, மறுமுறை நேராமல் தடுக்க வழி காணும் அறிவு யாரிடம் இருக்கவேண்டும்? இரு மொழியும் இரு பக்கத்து வாழ்வும் அறிந்த நம் பிள்ளைகளிடம் அன்றோ?

திருத்தணியில் 1888-இல் பிறந்து, திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்ற ஒரு சிறுவர், உபகாரச் சம்பளங்களின் துணையால் மேற்படிப்பு முடித்தார். 1949 முதல் 1952 வரை மாஸ்கோவில் இந்தியத் தூதராக விளங்கினார். பின்னர் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அவரே டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் நடந்த தெருக்களில்தான் நம் பிள்ளைகளும் நடக்கின்றனர்.

பெற்றோர்க்கு ஒரு சொல். மகன் என்றால் அனுப்பலாம், மகள் என்றால் அஞ்சவேண்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். தூது சென்ற ஔவையும் பெண்ணே. மாணவப் பருவத்தினர் இப்பொழுதே விண்ணப்பிக்க இயலாது. ஆனால் பட்டம் முடித்த பின்வரும் மூன்று ஆண்டுகளில் செய்யத்தக்க பணியை இன்றே தேர்ந்துகொள்ளலாம். அம்மூன்று ஆண்டுகளின் உழைப்பே நல்ல விண்ணப்பமாகும்.