ஏ.சி. விலை வேறு, மாட்டி முடிக்கிற செலவு வேறு



முன்பெல்லாம் உள்கடன் கேட்பவர்கள் கறவை மாடு, தையல் மிஷின், பிள்ளைகள் படிப்பு, காதுகுத்து என்று காரணம் சொல்வார்கள். சமீப காலமாக நாங்கள் போகிற கூட்டங்களில் ஏ.சி.க்கும் கடன் கேட்கிறார்கள். "நமக்கெல்லாம் ஏ.சி. எதுக்கு?" என்று யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். படுக்கையில் கிடக்கிற மாமனாரையும், பிறந்து ஒரு மாதம் ஆன குழந்தையையும் கத்திரி வெயிலில் காங்கிரீட் கூரைக்குக் கீழே வைத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். வாங்கட்டும். ஆனால் முழுக்கணக்கும் தெரிந்து வாங்க வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குழுவில் ஒரு உறுப்பினர் கடையில் 36,000 ரூபாய் என்று விலை கேட்டு வந்து, அதே தொகைக்குக் கடன் எழுதினார். குழுவும் தீர்மானம் போட்டுக் கொடுத்துவிட்டது. மாட்டி முடித்தபோது செலவு 50,000 ரூபாயை நெருங்கிவிட்டது. மாட்டுகிற கூலி 1,700. வெளியே வைக்கிற பெட்டிக்கு இரும்பு ஸ்டாண்டு 800. காப்பர் பைப் கூடுதலாக 4 மீட்டர், மீட்டர் 900 வீதம் 3,600. ஸ்டெபிலைசர் 3,000. வீட்டு ஒயரிங் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் சொல்லி, புது ஒயர் இழுத்தது 4,500. ஆக மொத்தம் 13,600 ரூபாய் அதிகம். அதற்குக் கம்மலை அடகு வைத்தார். கடையில் யாரும் அவரிடம் பொய் சொல்லவில்லை. இதையெல்லாம் சேர்த்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். எந்தெந்த இனத்தில் பணம் போகும் என்பது மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

இதில் கையைக் கடிப்பது காப்பர் பைப். வீட்டுக்குள் மாட்டுகிற பெட்டியையும் வெளியே வைக்கிற பெட்டியையும் இணைப்பது இந்தப் பைப்தான். ஏ.சி.யோடு பெரும்பாலும் 3 மீட்டர் அளவுக்குத்தான் பைப் வரும். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் தனிக்காசு. வெளிப்பெட்டியை மொட்டைமாடியில் வைத்தால் பைப் நீளும். அறையின் வெளிச்சுவரிலேயே வைத்தால் பைப் குறையும். வாங்குவதற்கு முன்பே எது எங்கே வரும் என்று முடிவு செய்து, ஒரு கயிற்றால் அளந்து பார்த்துவிடுங்கள். அளந்த நீளத்தைக் கடைக்காரரிடம் சொல்லி, "எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும், எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். வரி சேர்த்த விலையா என்றும் கேளுங்கள். ஏ.சி.க்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பில்லில் வரி எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கத் தயங்க வேண்டாம்.

பத்துக்குப் பத்து அறைக்கு 1 டன் ஏ.சி. போதும். ஒன்றரை டன் எடுத்தால் சீக்கிரம் குளிரும் என்பார்கள். விலையும் கூடும், கரண்டும் கூடும். ஓட்டு வீட்டிலும் சிமென்ட் ஷீட் வீட்டிலும் சந்து வழியாகக் குளிர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். சீலிங் போட்டு இடைவெளியை அடைக்காமல் அங்கே ஏ.சி. மாட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். காங்கிரீட் வீட்டுக்காரர்கள் முதலில் மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துப் பாருங்கள். சூடு குறைவதை அன்று ராத்திரியே உணரலாம். சிலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

ஒயரிங் விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. மிக்சி ஓடுகிற பிளக்கில் ஏ.சி.யைச் சொருகினால் ஒயர் சூடேறி உருகும், தீயும் பிடிக்கலாம். மெயின் போர்டிலிருந்து தனியாகக் காப்பர் ஒயர் இழுத்து, அதற்கென்று தனி எம்.சி.பி. போட வேண்டும். ஒன்றரை டன்னுக்கு 4 ஸ்கொயர் எம்.எம். ஒயர் கேளுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைச் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் எர்த் ஒயர் பெயருக்குத் தொங்கிக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறோம். உங்கள் மின் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் அனுமதி என்பதையும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விசாரியுங்கள். போதாவிட்டால் கூடுதல் மின்பளுவுக்கு மனு கொடுக்க வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. பம்ப்செட்டு கரண்டிலிருந்து ஒயர் இழுத்துக்கலாம் என்று யோசனை சொல்கிற புண்ணியவான்களும் ஊரில் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம், அபராதம் வீடு தேடி வரும்.

சாயங்காலம் லைட் மங்கலாக எரிகிற ஊர்களில் ஸ்டெபிலைசர் அவசியம். "இதுக்கு ஸ்டெபிலைசரே வேணாம்மா" என்று கடையில் சொன்னால், எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள்.

இனி கரண்டு பில். மாட்டுகிற செலவு ஒரு தடவைதான், இது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டே இருக்கும். ஏ.சி.யின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும். அது 1,600 மணி நேரம் ஓடினால் ஆகும் கணக்கு. அந்த எண்ணை 1,600ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். 800 என்று இருந்தால் மணிக்கு அரை யூனிட். ராத்திரி 8 மணி நேரம் ஓட்டினால் 4 யூனிட், 60 நாளில் 240 யூனிட். கடும் வெயிலில் இதைவிடக் கூடும்.

நம் மாநிலத்தில் 2016இல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. ஆனால் 500 யூனிட் என்கிற கோட்டைத் தாண்டினால் கதையே மாறிவிடும். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி பாருங்கள்: 500க்கு மேல் போகிற யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல். அதோடு, 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகையும் போய்விடும். ஏற்கெனவே 300 யூனிட் ஆகிற வீட்டுக்கு சுமார் 700 ரூபாய் பில் வரும். அதில் ஏ.சி.யின் 240 சேர்ந்து 540 ஆனால் பில் ஏறக்குறைய 2,400 ரூபாய். அதே வீட்டில் ராத்திரி 6 மணி நேரத்தோடு நிறுத்தினால் 480 யூனிட்தான், கோட்டுக்குள் நிற்கலாம். 500ஐ வெறும் 10 யூனிட் தாண்டினாலே 300 ரூபாய்க்கு மேல் கூடுகிறது. ஆகவே மாதத்துக்கு ஒரு முறை மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள். குழு நோட்டு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

ரிமோட்டில் 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தப்பு. 24 வைத்து, ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் கரண்டு மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது.

கடன் கேட்கும்போது ஏ.சி. விலை, மாட்டுகிற செலவு, ஒயரிங் மூன்றையும் கூட்டி மனுவில் எழுதுங்கள். குழுத் தலைவிகளும் அதைக் கேட்டு வாங்குங்கள். 50,000 ரூபாய்க்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் முதல் மாதம் வட்டி மட்டும் 500. அதோடு அசல் தவணை, அதோடு கோடை மாதத்துக் கரண்டு பில். இந்த மூன்றும் ஒரே மாதத்தில் விழுந்தால் கட்ட முடியுமா என்பதை வீட்டுக்காரரோடும் உட்கார்ந்து பேசுங்கள்.

மாட்ட வருகிறவர் அவசரப்படுவார். பைப்பை இணைத்ததும் வாக்குவம் பம்ப் வைத்து உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் எடுத்த பிறகுதான் கேஸைத் திறக்க வேண்டும். "பம்ப் கொண்டு வந்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே ஒழுங்காகச் செய்வார். குளிர் தருகிற கேஸ் சமையல் கேஸ் மாதிரி எரிந்து தீர்வதில்லை. வருடா வருடம் "கேஸ் குறைஞ்சிடுச்சு" என்று யாராவது இரண்டாயிரம், மூவாயிரம் கேட்டால், எங்கே கசிகிறது என்று காட்டி அடைக்கச் சொல்லுங்கள். அடைக்காமல் நிரப்பினால் திரும்பவும் போகும். பில்லும் வாரண்டி அட்டையும் குழுப் பாஸ்புக்கோடு பத்திரமாக இருக்கட்டும். கடைக்காரரோ கம்பெனியோ இழுத்தடித்தால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார் சொல்லலாம். பேசும்போது பில் கையில் இருக்க வேண்டும்.